கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட விருந்தாளி

17 நவம்பர் 1986, திங்கள்

பசுமைக் கட்சியின் நகரசபை உறுப்பினர் இன்று எங்கள் அகதிகள் விடுதிக்கு வந்தார். மாலையானால் இங்கே பஸ் இல்லை என்று முறையிட நாங்கள்தான் அந்த அம்மாவை அழைத்திருந்தோம். "இங்கே என்ன குறை?" என்று அவர் கேட்டதும், எங்களுக்காக ஜெர்மன் பேசும் சிவம் அண்ணை, "ஒரு குறையும் இல்லை" என்று சொல்லிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஏன் அண்ணை அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"வந்த மனுசியிட்டை முதல் கதையே முறைப்பாடோ? சாப்பிட்டு முடியட்டும் தம்பி."

சாப்பாடு எங்கே முடிந்தது? புட்டு, வடை, தேத்தண்ணீர். அவர் போதும் போதும் என்று கைகாட்ட, அடுத்த அறை ராணி அக்கா கோப்பையை நிரப்பிக்கொண்டே இருந்தார். வாசலுக்கு வந்தபோது கடைசி பஸ் போய்விட்டது.

அவரோடு நகரம்வரை நடந்தோம். விளக்கில்லாத வீதி, தூறல். எனக்கு யாழ்ப்பாண பஸ் நிலையம்தான் நினைவில் வந்தது. நான் புத்தகங்களோடு ஓடிவருவதைக் கண்டால் கொண்டக்டர் மணி அடிக்கமாட்டார். "கெதியா வாடா!" என்று ஏசிக்கொண்டே கைகொடுத்து ஏற்றுவார். அந்த ஏச்சு வழியெல்லாம் காதில் கேட்டது.

ரயில் நிலையத்தில் அந்த அம்மா சப்பாத்துச் சேற்றைத் தட்டிவிட்டு அண்ணையைப் பார்த்தார்.

"ஒரு குறையும் இல்லையா?"

அண்ணை தலையைச் சொறிந்தார்.

"அடுத்த கூட்டத்தில் பஸ்ஸைப் பற்றி நானே பேசுகிறேன்" என்றார் அவர், சிரித்தபடி.

பஸ் வந்தாலும் வரும். ஓடிவருகிறவனைக் கண்டு அது நிற்குமா?