பவளம் லண்டனில் இருக்கிறா

என்ர ஜெசி அக்காவுக்கு,

சுகமோ எண்டு கேட்டுத் தொடங்கினால் நீங்கள் விழுந்து விழுந்து சிரிப்பியள். அதால நேராய் விசயத்துக்கு வாறன். உங்களில எனக்குச் சரியான கோவம். செத்த ஆளோட கோவிக்கக் கூடாது எண்டு கபிலன் சொல்லுறான். அவனுக்கென்ன, கமராவைத் தூக்கிக்கொண்டு நிண்டால் அவன்ர வேலை முடிஞ்சுது. உங்கட வாயில என்ன வசனம் வைக்கிறதெண்டு மண்டையைப் போட்டு உடைக்கிறது நான்தானே.

இந்தக் கடிதத்தை எங்கட விளாத்தி ரீவியின்ர பக்கத்திலேயே போடப்போறன். பார்க்கிற சனமும் வாசிக்கட்டும். புதுசாய் வந்த ஆக்களுக்கும் விளங்கவேணும்: விளாத்தி எண்டது தண்ணீரூற்று எண்ட எங்கட ஊரில, ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால இருக்கிற அறையில நீங்கள் தொடங்கின இணையத் தொலைக்காட்சி. வெளிநாட்டில இருக்கிற எங்கட சனம் மாதச் சந்தா கட்டி, எங்கட பேச்சிலேயே நாடகம் பார்க்கவேணும் எண்டது உங்கட ஆசை. நான் எழுதினன், நீங்கள் நடிச்சனீங்கள். முல்லைத்தீவுக் கடற்கரையில மீன் ஏலம் கூறுற பவளமாய்.

"ஆரக்கா இதைக் காசு குடுத்துப் பார்க்கப்போகினம்?" எண்டு நான் கேட்டது ஞாபகமோ? முதல் கொஞ்சக் காலம் பார்த்தது உங்கட சொந்தக்காரர் மட்டும்தான். அதுவும் ஒருத்தர் சந்தா கட்ட, அவற்ற கடவுச்சொல்லை வைச்சு மிச்சச் சொந்தம் முழுக்கப் பார்த்தது. பேந்து கொரோனா வந்து சனம் வீட்டுக்குள்ள அடைபட, விளாத்தி எழும்பிச்சுது. பனிக்குள்ள கதவைச் சாத்திக்கொண்டு இருந்த கிழடுகட்டையள் எல்லாம் பவளம் ஏலம் கூறுறதைப் பார்க்கத் தொடங்கிச்சுதுகள். நோர்வேயில இருந்து ஒரு அம்மா, தனக்கு ரெண்டு பாரை மீன் எடுத்து வைக்கச் சொல்லிப் பவளத்துக்கு எழுதினவா. நீங்கள் புதுக் கமரா வாங்கி, அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பாதரிட்ட ஆசீர்வாதம் வாங்கினதும் அப்பதான்.

அந்தச் சந்தோசம் கனகாலம் நிக்கேல்லை. நாட்டில காசு முடிஞ்சு கரண்ட் வெட்டு வந்தது, பெற்றோல் வரிசை வந்தது. வெளியில போக வழியில்லாமல் எல்லாக் காட்சியையும் உங்கட குசினிக்குள்ளேயே எடுத்தம். கடற்கரைக் கதையில கடலே இல்லை எண்டு சனம் முறைப்பாடு. அங்கால சென்னைத் தொடருகள் மலிவாய்க் கிடைச்சுது. பிள்ளையளுக்கு எங்கட பேச்சு விளங்கேல்லை எண்டு சொல்லிச் சந்தாவை நிப்பாட்டினவையும் கனபேர். இருக்கிற நாலு சனத்தைத் தக்கவைக்க நாங்கள் முறிஞ்சுகொண்டிருந்த நேரத்தில, நீங்கள் ஒரு காலமை நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு கதிரையில இருந்தனீங்கள். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே எல்லாம் முடிஞ்சுது.

சேமக்காலையில உங்களை அடக்கம் செய்திட்டு வந்து, உங்கட வீட்டு முற்றத்தில கோப்பியோட இருந்து யோசிச்சம். பவளத்தை என்ன செய்யிறது? ஒரு கிழமைக்குள்ள ரெண்டாந்தரமும் உங்களைச் சாக்காட்ட ஒருத்தருக்கும் மனம் வரேல்லை. "லண்டனுக்கு அனுப்புவம்" எண்டு ஒரு குரல் வந்தது. ஆரின்ர குரல் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியேல்லை, என்ர குரலாயும் இருக்கலாம். எல்லாரும் தலையாட்டினம். எங்கட ஊரில ஒரு ஆள் வீட்டில இல்லையெண்டால் வெளிநாடு எண்டு சொல்லித்தானே பழக்கம். அதில வந்து மாட்டினனாங்கள்தான், இன்னும் வெளியில வர வழி தெரியேல்லை.

நீங்கள் பிழைவிட்டுத் திருப்பித் திருப்பிப் பேசின பழைய ஒலிப்பதிவுகள் கிடந்தது. அதுகளை வெட்டி ஒட்டி, பவளம் லண்டனில இருந்து போனில கதைக்கிற மாதிரிச் செய்தம். ஐயோ அக்கா, சனம் அதை என்ன மாதிரிப் பிடிச்சுக்கொண்டுது. விட்டுப்போன ஆக்கள் எல்லாம் திரும்பிச் சந்தா கட்டிச்சினம். நீங்கள் செத்தது அவைக்குத் தெரியும், மரண அறிவித்தல் போட்டதே நாங்கள்தானே. "ஜெசிக்கு எங்கட அஞ்சலி, பவளம் சுகமோ?" எண்டு ஒரே கடிதத்தில ரெண்டையும் எழுதுவினம். லண்டனில ஒரு குடும்பம் பவளம் எந்தப் பக்கம் இருக்கிறா, நத்தார்ப் பண்டிகைக்குக் கூட்டிவந்து சாப்பாடு குடுக்கிறம் எண்டு கேட்டது.

பேந்து குரல் முடியத் தொடங்கிச்சுது. கதையை எழுதிப்போட்டு நடிக்கிறதுதானே முறை. நான் மிஞ்சின குரலைப் பார்த்துப் பார்த்துக் கதை எழுதினன். ஒரு கட்டத்தில "ஐயோ, கரண்ட் போயிட்டுது" எண்டதைத் தவிர ஒண்டும் மிச்சமில்லை. அதையும் போட்டன். லண்டனிலயும் கரண்ட் போகுதோ எண்டு சனம் கேட்டுது. நீங்கள் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லி என்னைப் பகிடி பண்ணிக் கொண்டிருப்பியள். எனக்கெண்டால் அழுகைதான் வந்தது.

சரி, இதோட நிப்பாட்டுவம் எண்டு நினைச்சன். என்ர மனுசனும் மகளும் வவுனியாவில, நான் இங்க. ஞாயிறு பின்னேரம் பஸ் ஏறேக்க மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிப்பாள். அந்த நேரம் பார்த்து ரொரன்ரோவில இருந்து ஒருத்தர் வந்தார். விளாத்தியைத் தான் பொறுப்பெடுத்து நடத்துறாராம், எங்கள் எல்லாருக்கும் வேலை இருக்குமாம். ஆனால் பவளம் தொடர்ந்து கதைக்கவேணும். உங்கட குரலை வைச்சுக் கணினியில புதுசாய் என்ன வசனமும் பேசப் பண்ணலாமாம். அதுக்கு உங்கட அம்மாவின்ர சம்மதம் வேணும் எண்டார்.

அம்மா மாட்டன் எண்டு சொல்லவேணும் எண்டு நான் நேர்த்தியே வைச்சன். அவா மறுத்தால் எனக்கு விடுதலை, கதவைப் பூட்டித் திறப்பைக் குடுத்திட்டு வவுனியாவுக்குப் போகலாம். கபிலனுக்கும் வேற வேலை கிடைக்கும். நான் பொல்லாதவளோ அக்கா?

அம்மா வெளியில கருவாடு காயப்போட்டுக்கொண்டு இருந்தவா. ரொரன்ரோக்காரர் மாதிரிக்குச் செய்து தந்த கணினிக் குரலை நான் போனில போட்டுக் காட்டினன். "அம்மா, சாப்பிட்டனியளோ? கால் உளைவு குறைஞ்சிட்டுதோ?" அச்சு அசல் நீங்கள். அம்மா கையைச் சீலையில துடைச்சுப்போட்டு, திரும்பப் போடச் சொன்னவா.

"இது என்ர பிள்ளையில்லை" எண்டா.

நான் மூச்சு விட்டன். "ஓம் அம்மா, மெசின்தான். உங்களுக்கு விருப்பமில்லையெண்டால் விடுவம்."

"ஆர் விடச் சொன்னது? பிள்ளையில்லை எண்டு தெரியும். எண்டாலும் நிப்பாட்டாதை மோனை. கேட்டுக்கொண்டு கிடக்கிறன்."

அவ்வளவுதான் அக்கா. நான் வெளியில போற கதவு சாத்துப்பட்டுது. அந்த வாயில இருந்து அப்பிடி ஒரு சொல் வந்த பிறகு நான் எந்த முகத்தோட பஸ் ஏறுறது? அவா கையெழுத்து வைச்சா, நானும் வைச்சன். மகளுக்கு இன்னும் சொல்லேல்லை.

எழும்பி வெளிக்கிடேக்கதான் அம்மா என்ர கையைப் பிடிச்சவா. "அதை ஒருக்கால் கோயில் பெருநாளுக்கு வாறன் எண்டு சொல்லப் பண்ணு" எண்டா. கெஞ்சிக் கேக்கேல்லை, சந்தைக்குப் போறவளிட்ட உப்பு வாங்கிவரச் சொல்லுற மாதிரித்தான் கேட்டவா. நான் பார்ப்பம் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன்.

அடுத்தநாள் அறையில இருந்து அந்த வசனத்தை எழுதினன். "அம்மா, பெருநாளுக்கு வாறன்." மெசின் சொல்லிச்சுது, உங்கட மூச்சோட, உங்கட அவசரத்தோட. வடிவாய்த்தான் இருந்தது. கபிலன் எழும்பி வெளியில போயிட்டான். நான் அதை அழிச்சன்.

உங்கட தம்பி, சண்டை முடிஞ்ச அண்டு ஆமியிட்டச் சரணடையப் போனவன், இன்னும் வரேல்லை எண்டு உங்களுக்குத் தெரியும். இண்டைக்கும் வாசல் படலைச் சத்தம் கேட்டால் அம்மா முதல் எழும்பிறது அவனுக்குத்தான். உங்கட கதை அப்பிடியில்லை. உங்கட முகத்தைப் பார்த்து, கொஞ்சி, தன்ர கையால மண் போட்டவா. எங்கட பக்கத்தில எத்தினை தாய்மாருக்கு அது கிடைச்சுது?

அதால உங்களுக்குச் சத்தியமாய்ச் சொல்லுறன். நான் இங்கேயேதான் கிடக்கப்போறன், பவளத்துக்கு எழுதுவன். அவா சாப்பாடு கேப்பா, கால் உளைவு கேப்பா, மீன் விலை கேப்பா. ஆனால் வாறன் எண்டு மட்டும் சொல்லமாட்டா. ரொரன்ரோ கேட்டாலும் சரி, அம்மா காலில விழுந்து கேட்டாலும் சரி. ஒரு பிள்ளைக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறதே அவாவுக்குப் போதும்.

உங்கட கூடப்பிறக்காத தங்கச்சி,
சுகந்தி