ஒன்பது தையல்

அன்பு மகளுக்கு, நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் சுகம்தானே. இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம், இந்த முறை அதைச் சும்மா பேச்சுக்காக எழுதவில்லை. கையெழுத்து கோழி கிளறினதுபோல் இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் ஒன்பது தையல், இடது கையால் எழுதுகிறேன். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், இதை நீ முழுசாகக் கேட்க வேண்டும்.

உன் தம்பி எட்டு மாதமாகவே சரியில்லை. கறிக்கடையில் நான் பக்கத்தில் வந்தால் கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய்விடுவான், வீட்டில் காய் நறுக்கும் கத்தியைக்கூடத் துணியில் சுற்றிப் பரணில் போடுவான், படுக்கப் போகும்போது தன் அறையை வெளிப்பக்கம் பூட்டச் சொல்லுவான். திமிர் என்றார் அப்பா, வேலைக்கு டிமிக்கி என்று நானும்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். போன வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்தால் ஒரு கத்திகூட இல்லை, அத்தனையையும் சாக்கடையில் எறிந்திருக்கிறான். வாசலில் ஆட்கள் வரிசையாக நிற்கிறார்கள். அப்பா பக்கத்துக் கடையில் ஒரு வெட்டுக்கத்தியை இரவல் வாங்கி வந்து வைத்துவிட்டு, கத்தி தீட்டும் இரும்பை எடுத்து அவனைக் கண் மண் தெரியாமல் அடித்தார், முதுகு, தோள் என்று பார்க்கவில்லை, காது கிழிந்து சட்டையெல்லாம் ரத்தம். அவன் தடுக்கவே இல்லையடி. கறி வெட்டும் கட்டைமேல் கையை நீட்டி வைத்து, "வெட்டிடுங்கப்பா, இந்தக் கை அம்மாவக் குத்திடும்னு தோணிக்கிட்டே இருக்கு" என்றான். பெற்றவளையே குத்துவியா என்று கத்திக்கொண்டு அப்பா அந்தக் கத்தியை ஓங்கி இறக்கினார். அவன் கையில் இறக்கவா, கட்டையில் இறக்கவா என்பது அவருக்கே இன்றுவரை தெரியவில்லை. நான் குறுக்கே கையை விட்டேன், எலும்பு தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் மனநல டாக்டரம்மா அவனிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டு எங்களை அழைத்தார். இது வெறியும் இல்லை, கெட்ட மனசும் இல்லை, எண்ணச் சுழற்சி நோய், ஓ.சி.டி. என்றார். கோணலான நினைப்பு எல்லோருக்கும் வருமாம், மற்றவர்கள் மூளை சரி போ என்று விட்டுவிடும், இவன் மூளையில் முன்பக்கத்துக்கும் உள்பக்கத்துக்கும் ஓடுகிற சுற்று ஒன்று ஆபத்து ஆபத்து என்று அடங்காமல் அடித்துக்கொண்டே இருக்கிறதாம். செரடோனின் என்று ஒரு ரசாயனத்துக்கும் இதில் பங்கு உண்டாம், அதற்குத்தான் மாத்திரை, அது வேலை செய்ய இரண்டு மூன்று மாதம் ஆகலாமாம். முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது என்றும் ஒளிக்காமல் சொன்னார். எட்டு மாதமாகக் குத்திவிடுவேனோ என்று நடுங்கியவன் என்மேல் ஒரு கீறல் போடவில்லை, அப்படி ஒரு நினைப்பே வராத உன் அப்பா போட்டதுதான் இந்த ஒன்பது தையல். அவர் அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு அழுதார், எனக்கு இன்னும் அவர் முகத்தைப் பார்க்க மனசு வரவில்லை.

பிறகு டாக்டரம்மா, இது குடும்பத்தில் தொடர்வதுண்டு, வேறு யாருக்காவது இருந்ததா என்று கேட்டார். அப்பா இல்லை என்றார். நான் இருந்தது என்றேன். கண்ணு, நீ மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது உன்னைக் குளிப்பாட்ட உட்கார்ந்தால் உன் தலையை வாளித் தண்ணீரில் அமுக்குகிற மாதிரியே என் கண்முன் வரும், தரையில் ஓங்கி அடிக்கிற மாதிரி வரும். என் கைகளை நானே கடித்திருக்கிறேன். அதனால்தான் உன்னைப் பெரியம்மாவிடம் இரண்டு வருஷம் கொடுத்தேன். கடை வேலை என்று சொன்னது பொய். பெத்துட்டு ஏன் தூக்கிக் குடுத்தே என்று நீ கேட்டபோதெல்லாம் அந்தப் பொய்யையே திரும்பச் சொன்னேன், பேய் என்று நினைப்பாயே என்ற பயம்.

போன வாரம் மாப்பிள்ளை பேசும்போது, குழந்தையைத் தான்தான் குளிப்பாட்டுவதாகவும் நீ கதவுக்கு வெளியிலேயே நிற்பதாகவும் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வெறும் அலுப்பாக இருந்தால் இந்தக் கிழவியைத் திட்டிவிட்டு விடு. எனக்கு வந்த அதே நினைப்புதான் என்றால் மாப்பிள்ளையிடம் இன்றைக்கே சொல், டாக்டரிடம் போ, பிள்ளை பெற்ற சமயத்தில் இது கிளம்புவது உண்டாம். பயப்படுவதையே கொஞ்சம் கொஞ்சமாகச் செய்து பழக வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னபடி நேற்று தம்பி என் எதிரே உட்கார்ந்து கத்தியால் வெங்காயம் நறுக்கினான், நான் எழுந்து போகவில்லை.

மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். மறக்காமல் பதில் போடு. குழந்தையை யாரிடமும் கொடுத்துவிடாதே கண்ணு, நான் கொடுத்தேன், அந்த இரண்டு வருஷம் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.

இடது கையால்,
அம்மா