முடிந்த பிறகு பேசுகிறவர்கள்

என் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் உம்முடைய கையெழுத்தில் ஒரு துண்டு ஒட்டியிருக்கிறது. "செப்டெம்பர் ஏழரை, ஒக்டோபர் எட்டரை, நவம்பர் ஒன்பதரை." இன்று காலை, இங்கே தென்கோளத்தில் கோடைநேரம் தொடங்குவதால், கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே நகர்த்திவிட்டு அதை வாசித்தேன். ஐந்து கிழமையில் அமெரிக்காவில் பின்னே நகர்த்துவார்கள். அங்கே சனி பின்னேரம் நடக்கும் கல்லூரி அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இங்கே ஞாயிறு காலையில் மூன்று வெவ்வேறு நேரங்களில் வரும். முதல் வருடம் இது தெரியாமல் பக்குரங்காவிலுள்ள உம்முடைய வீட்டுக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டேன். நீரும் தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுக் காத்திருந்தீர். அடுத்த நாளே இந்தத் துண்டை எழுதித் தந்தீர்.

நாம் பார்த்த அணியின் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடம் படித்தவர் நீர். எனக்கு அந்த விளையாட்டோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. "வந்து பாரும், பிடிக்காட்டி பேப்பர் வாசியும்" என்று வேலையிடத்தில் கூப்பிட்டீர். பத்து வருடம் வந்தேன்.

பயிற்சியாளர்களை நீர் நம்பியதில்லை. பள்ளி முடிக்கும் பெடியன்களின் வீடுகளுக்குப் போய், தாய் சமைத்ததைச் சாப்பிட்டு, 'நாங்கள் ஒரு குடும்பம்' என்று சொல்லிக் கூட்டிவருவார்கள். வேறு கல்லூரி அழைத்தால் மறுவாரமே போய்விடுவார்கள். "கலியாணத் தரகர் பரவாயில்லை. அவர் கலியாணம் முடியும்வரையாவது நிப்பார்" என்றீர்.

வர்ணனையாளர்கள் அவர்களைவிட மோசம் என்பது உம்முடைய கட்சி. வென்ற அணிக்கு வெல்லும் ஆசை கூடுதலாக இருந்தது என்று ஒருவர் சொன்னார். "ஏன், மற்றப் பெடியள் தோக்கிற ஆசையிலயோ வந்தவங்கள்?" என்று சத்தத்தை நிறுத்தினீர். மீதி ஆட்டத்துக்கு நீரே வர்ணனை. பந்தை நழுவவிட்டவனைப் பார்த்து, "தம்பி, அது சுடுசோறில்லை, பிடியும்" என்பீர்.

பிறகு உமக்கு நோய் வந்தது. பொறுத்துப் பார்க்கலாம், அல்லது உடனே சத்திரசிகிச்சை செய்யலாம் என்றார் மருத்துவர். நீர் என்னைக் கேட்டீர். கிடைத்த ஆய்வுகளை எல்லாம் வாசித்துவிட்டுச் செய்யச் சொன்னேன். செய்தீர். கிருமி தொற்றியது, அதற்குப் பின் நீர் பழையபடி எழும்பவேயில்லை.

அந்த ஒக்டோபரில் ஒரு ஞாயிறு. நீர் சோபாவில் போர்வையோடு படுத்திருந்தீர். உம்முடைய அணி சில புள்ளிகள் முன்னே. பந்தோடு பத்து யார் தூரம் நகர ஓர் அணிக்கு நான்கு முயற்சி உண்டு. மூன்று முடிந்து, ஒரு யார் மிச்சம். வழமையாக அந்த இடத்தில் பந்தை மற்ற அணியின் பக்கம் தூர உதைத்துவிடுவார்கள். பயிற்சியாளர் உதைக்கவில்லை. நான்காவது முயற்சியும் தோற்று, பந்து அந்த இடத்திலேயே மற்ற அணிக்குப் போனது. அவர்கள் வென்றார்கள்.

முட்டாள்தனம் என்றார் வர்ணனையாளர்.

"உதைச்சிருக்கலாம்" என்றேன் நானும்.

"போன கிழமை இதே ஆள் இதையே செய்து வெண்டவர். அப்ப உந்தக் கொமென்டேட்டர் துணிச்சல் எண்டவர். ஒரு யார்தான் மிச்சமெண்டால் நானும் உதைக்கமாட்டன்."

"அண்டைக்கு வேற. இண்டைக்குத் தோத்துப்போச்சே."

"அது பிறகு நடந்தது."

அப்போது என் வாயிலிருந்து வந்தது: "உம்மை ஒப்பரேசனுக்குப் போகச் சொல்லியிருக்கக்கூடாது."

நீர் சத்தத்தை நிறுத்தினீர். "அண்டைக்கு உமக்குத் தெரிஞ்சிருந்த எதை எனக்குச் சொல்லாமல் விட்டனீர்?"

யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. தொற்று வரலாம் என்பதையும் சொல்லியிருந்தேன்.

"பிறகென்ன? போய்த் தேத்தண்ணி போடும். சீனி குறைச்சு."

உம்மிடமிருந்து வந்தது என்பதற்காக மட்டும் நான் எதையும் உடனே ஏற்றதில்லை. இதையும் ஏற்கவில்லை. நீர் போன பிறகும் சில நாள்களில் அந்த ஆய்வுகளைத் திரும்ப எடுத்து வாசித்திருக்கிறேன். வேறு முடிவுக்கு வர முடியவில்லை.

போன மாதம் உம்முடைய மகள் தொலைபேசியில் அழைத்தாள். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் கதைத்தாள். பிறகு, அம்மா பொறுத்திருந்தால் உயிரோடு இருந்திருப்பாவா, ஆன்ட்டி என்று கேட்டாள். நான்தான் போகச் சொன்னேன் என்பது அவளுக்குத் தெரியும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். இரண்டும் செய்யவில்லை. அன்று மருத்துவர் சொன்னது, நான் வாசித்தது, நீர் கேட்ட கேள்விகள், எதற்கு நீர் பயந்தீர், எதற்குப் பயப்படவில்லை, எல்லாவற்றையும் அவை நடந்த ஒழுங்கிலேயே சொன்னேன். தொற்று வந்த நாளுக்கு முதல்நாளோடு நிறுத்தினேன்.

அவள் முழுதையும் கேட்டாள். பிறகு தமிழில், "ஓம்" என்றாள்.