செம்பில் இருந்த தண்ணீர்

தென்காசி,
ஆடி 12.

அன்புள்ள அத்தானுக்கு, உமா எழுதிக்கொள்வது. நானும் பிள்ளைகளும் சுகம். இங்கே சாரல் விடாமல் பெய்கிறது. போனில் பேசினால் உங்கள் அம்மா காதில் விழுந்துவிடும். அதனால் எழுதிப் படம் எடுத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை அத்தைக்கு மூச்சு முட்டியதைச் சொன்னேன். முழுதும் சொல்லவில்லை. டாக்டர் வருவதற்குள் கண் செருகிவிட்டது. பக்கத்து வீட்டு மாரிச்செல்வி அக்கா, "கங்கையக் கொண்டாட்டி, வாயில ஊத்து" என்றார். மாமாவோடு காசிக்குப் போய் அத்தை வாங்கி வந்த செம்பு, பன்னிரண்டு வருஷமாகப் பூஜை அலமாரியில் இருந்ததே, அதை அடுக்களைக்குக் கொண்டுபோய் வாயை அடைத்திருந்த ஈயத்தை நெம்பினேன். உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. பச்சைக் களிம்புதான் இருந்தது.

காலையில் ஐந்தருவியில் பிடித்து வந்த தண்ணீர் பாட்டிலில் இருந்தது. அதைச் செம்பில் ஊற்றி மூன்று கரண்டி கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அத்தை கண் திறந்துவிட்டார்.

அன்றிலிருந்து மாத்திரையைத் தொடுவதில்லை. "கங்கை உள்ள போயாச்சு. அதுக்கு மேல மருந்தத் திங்கச் சொல்லுதியே, பாவம் இல்லையாட்டி" என்கிறார். இதய மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து என்று டாக்டர் சத்தம் போட்டார். இன்றோடு ஐந்து நாள். கால் வீங்கிவிட்டது.

உண்மையைச் சொன்னால் மாத்திரை போடுவார். ஆனால் மாமா போன பிறகு அவர் முகத்தில் இப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. நாலு தடவை சொல்லப் போய், தலையணை உறையை மாற்றிவிட்டு வந்துவிட்டேன். அருவித் தண்ணீர் போய்ச் சேருகிற நம்ம சிற்றாறும் கங்கைதான் என்று அவரே சொல்லுவார். பிறகு ஏன் அந்தச் செம்பை யாரையும் தொடவிடவில்லை என்று மனசு கேட்கிறது. உங்கள் மேலும் கோபம் வருகிறது. கங்கை ஓடுகிற கான்பூரில் இருந்துகொண்டு இரண்டு வருஷமாக லீவு இல்லை என்கிறீர்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் இறங்கியதும், கண் திறக்கும் முன்னே, அத்தை என் கையைத் தடவி, "விசுவா, வந்துட்டியாப்பா" என்றார். நான் "உம்" என்றேன். நீங்கள் வந்து ஊற்றிவிட்டுப் போனதாகத்தான் இன்றும் எல்லோரிடமும் சொல்லுகிறார்.

தண்ணீரைப் பற்றிய பொய்யை நான் சொல்லித் தீர்த்துக்கொள்கிறேன். மற்றதை நீங்கள் வந்து உண்மையாக்குங்கள், அத்தான்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
உமாதேவி.