பேருந்து நிறுத்தத் தட்டியிலிருந்து என் இடது காலை அகற்றக் கோருதல்

அனுப்புநர்:
கோ. வைரக்கண்ணு, விவசாயி,
கீழத்தெரு, நெடுஞ்சேரிமங்கலம்,
குடவாசல் வட்டம்.

பெறுநர்:
மருத்துவ அலுவலர் அவர்கள்,
ஆரம்ப சுகாதார நிலையம், நெடுஞ்சேரிமங்கலம்.

பொருள்: யானைக்கால் நோய் விளம்பரத் தட்டியிலுள்ள எனது காலின் படத்தை நீக்குதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான்கு ஆண்டுகளுக்கு முன் என் இடது கால் தொடை முதல் பாதம் வரை வீங்கியது. நம் பகுதியில் கால் வீங்கினாலே யானைக்கால் என்று ஊர் முடிவு கட்டிவிடும். தங்கள் நிலையமும் ஊரோடு ஒத்துப்போனது. கொடுத்த மாத்திரைகளை எல்லாம் விழுங்கினேன். வயிறு எரிந்ததே தவிர கால் வற்றவில்லை.

2. அப்போதுதான் சுகாதார ஆய்வாளர் என் காலைப் படம் பிடித்தார். ஊர் நன்மைக்கு என்றார். வேட்டியைத் தூக்கிக்கொண்டு நின்றேன். மறுவாரம் அது பேருந்து நிறுத்தத்தில் ஆளுயரத் தட்டியாக நின்றது. "மாத்திரை சாப்பிடாதவர் கதி" என்று எழுதி, என் பெயரையும் போட்டிருந்தார்கள். ஒரு மாத்திரைகூட விடாமல் சாப்பிட்டவன் நான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

3. சென்ற தை மாதம், சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் மகன் மதிவாணன் விடுமுறையில் வந்து, தஞ்சாவூரில் ஸ்கேன் எடுக்க வைத்தான். இடது காலிலிருந்து ரத்தம் மேலே திரும்பும் பெரிய சிரை, அடிவயிற்றில் நசுங்கிக் கிடந்தது தெரிந்தது. சென்னையில் தொடை வழியாக உள்ளே போய், ஸ்டென்ட் என்னும் கம்பிவலைக் குழாயை வைத்து விரித்துவிட்டார்கள். யானைக்கால் அல்ல என்று எழுதியும் கொடுத்தார்கள். கால் வற்றியது; குறுவை நடவுக்கு நானே வயலில் இறங்கினேன். நெஞ்சில் வைக்க வேண்டியதை இடுப்பில் வைத்துவிட்டார்களே என்று பங்காளிகள் மட்டும் இன்னும் துக்கம் விசாரிக்கிறார்கள்.

4. தட்டியை எடுக்கச் சொல்லித் தங்கள் அலுவலகம் வந்தேன். எழுத்தர் என் காலை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "பேரு ஒத்துப்போகுது, கால் ஒத்துப்போகலீங்களே. படத்துல இருக்கிறவரையே வரச் சொல்லுங்க" என்று அனுப்பிவிட்டார். அவரை நான் எங்கே போய்த் தேடுவேன்?

5. வரும் ஞாயிறு என் மகள் பிரகதீஸ்வரியைப் பெண் பார்க்க நன்னிலத்திலிருந்து பேருந்தில் வருகிறார்கள். முன்பு வந்தவர்கள் தட்டியைப் பார்த்துவிட்டு, நிறுத்தத்திலிருந்தே அடுத்த பேருந்தில் திரும்பிவிட்டார்கள். மகளோ, "இருக்கட்டுங்கப்பா. அந்தக் காலாலதான் சைக்கிள் மிதிச்சு என்னைக் காலேஜ் பஸ்ஸுக்குக் கொண்டுபோய் விட்டீங்க. பார்த்துட்டு ஓடுறவங்க ஓடட்டும்" என்கிறாள். அவளுக்குள்ள துணிச்சல் பெற்றவனுக்கு இல்லை ஐயா.

ஆகவே, ஞாயிறு முதல் பேருந்து வருவதற்குள் தட்டியை அகற்றித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆள் பற்றாக்குறை எனில், நானே அகற்றிக்கொள்ள அனுமதியாவது வழங்க வேண்டுகிறேன். ஏணி என்னிடம் இருக்கிறது. ஏறுவதற்குக் காலும் இருக்கிறது.

இடம்: நெடுஞ்சேரிமங்கலம்
நாள்: 10.9.2008

இப்படிக்கு,
கோ. வைரக்கண்ணு