ரமணனுக்கு என் நட்சத்திரம்

ஓகஸ்ட் 4, திங்கள்

மழை. சனிக்கிழமை தோய்த்த உடுப்பு இன்னும் காயவில்லை. வீடு முழுக்க ஈரச் சாக்கு மணம்.

செய்ய வேண்டியது: அபியின் பள்ளிக்கூடப் படிவத்தில் கையெழுத்து. இவரின் பஸ் ஓட்டும் சட்டைக்குப் பொத்தான். த்ரீ கிங்ஸ் கடையில் கறிவேப்பிலை, இருந்தால்.

ரமணன் இன்றும் அடித்துவிட்டான். தொடர்ந்து பதினாலு ஆட்டம். என்ர ராசா.

(பிற்காலத்தில் வாசிக்கும்போது யார் இந்த ரமணன் என்று நானே முழிக்கக்கூடாது. சொந்தப் பெயர் ரமோன் கஸ்ட்ரேல். அமெரிக்காவில் பேஸ்போல் ஆடுபவன், வயது இருபத்தாறு. மூன்று வருஷத்துக்கு முன், இங்கே ஒக்லண்டில், பென்ரோஸில் நான் வேலை செய்யும் கிடங்கின் சாப்பாட்டு அறையில் ரீவி ரிமோட் தொலைந்தது. விளையாட்டுச் சனலை மாற்ற வழியில்லை. எல்லோரும் ஃபோனைப் பார்த்தார்கள். நான் ரீவியைப் பார்த்தேன். ஒருத்தன் ஒவ்வொரு பந்துக்கும் முன்னால் மட்டை நுனியால் மண்ணில் ஒரு சுழி போட்டான். பிள்ளையார் சுழியேதான். அன்றிலிருந்து அவன் எங்கள் வீட்டில் ரமணன்.)

மற்ற விஷயம்.

இடப்பக்க மார்பில், கமக்கட்டுக்குக் கிட்ட. கொண்டைக்கடலை அளவில் ஒரு கட்டி. குளிக்கும்போது கையில் பட்டது. வெள்ளிக்கிழமை டொக்டர் அமத்திப் பார்த்துவிட்டு, "பெரும்பாலும் ஒன்றுமிராது, ஆனாலும்" என்றார். மூன்று நாளாக அந்த "ஆனாலும்" மட்டும்தான் காதில். ஆஸ்பத்திரிக்கு எழுதியிருக்கிறார். ஊசியால் துண்டு எடுத்துச் சோதிப்பார்களாம்.

இவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் சாப்பிடமாட்டார். அபிக்குச் சோதனை வருகிறது. அவளுக்கும் இல்லை.

எனக்குள் ஒரு பேச்சு முடித்திருக்கிறேன். ஒரு ஆட்டத்தில் ரமணன் நாலு தரம் மட்டையோடு வருவான். ஒருதரமாவது பந்தை அடித்து முதல் மூலைக்கு ஓடிச் சேர்ந்தால் போதும். அப்படி ஒவ்வொரு ஆட்டத்திலும் அவன் அடிக்கும்வரைக்கும் என்ர கட்டி ஒன்றுமில்லை.

எழுதிப் பார்க்க விசர் மாதிரி இருக்கிறது. விசர்தான். ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

ஓகஸ்ட் 6, புதன்

காலை எட்டரைக்கே ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன். வரும் செவ்வாய் வரட்டாம். அயல்வீட்டுக்காரர் முழங்காலுக்கு ஒரு வருஷமாகக் காத்திருக்கிறார். எனக்கு ஒரு கிழமையில் இடமாம். இவ்வளவு கெதியாக ஏன் கூப்பிடுகிறார்கள்? கெதியாகக் கூப்பிட்டால் நல்லதோ கெட்டதோ? கேட்காமலே ஃபோனை வைத்துவிட்டேன்.

பதினொரு மணிக்கு ஆட்டம். அங்கே அவர்களுக்கு முதல்நாள் பின்னேரம், எங்களுக்கு வேலைநேரம். கம்பளித் தொப்பிக்குள் ஒரு காதில் மட்டும் வயர். செல்வி பக்கத்து வரிசையில் பெட்டி அடுக்கிக்கொண்டு காவல். கோயம்புத்தூர்ப் பிள்ளை, நல்லவள், பேஸ்போல் என்றால் என்னவென்றே தெரியாது.

"அக்கா, சூப்பர்வைசர் வர்றாரு. தொப்பிய இறக்குங்க."

முதல் மூன்று தரமும் ரமணன் அவுட். செல்விக்குச் சொன்னேன்.

"விடுங்கக்கா. நாளைக்கு அடிச்சிடுவான்."

"நாளைக்கில்லை! இண்டைக்கு!" கத்திவிட்டேன். கிடங்கு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

கடைசித் தரம். பந்து மட்டையில் பட்டும் படாமலும் உருண்டதாம். யாரோ எடுத்து எறிவதற்குள் ஓடிச் சேர்ந்துவிட்டான். நான் ஷாம்பூப் பெட்டியின் மேலேயே இருந்துவிட்டேன்.

"என்ன ஆச்சுக்கா? மூஞ்சியெல்லாம் வெளுத்துப் போச்சு."

"அவன் அடிச்சிட்டான்."

"அதுக்கா அழுறீங்க?"

"ஓம்."

பதினாறு.

ஓகஸ்ட் 8, வெள்ளி

வேலை முடிந்து நேரே கோயில். என் பெயருக்கு ஒரு அர்ச்சனை செய்யலாம் என்றுதான் போனேன். சிட்டை எழுதும் இடத்தில் பரிமளம் அன்ரி. அவவுக்கு ஒன்றைச் சொன்னால் மவுண்ட் ரோஸ்கில் ஊர் முழுக்கச் சொன்ன மாதிரி.

"என்ன கலா, பிறந்தநாளும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆருக்குப் பிள்ளை அர்ச்சனை?"

வாய் தன்பாட்டில் சொன்னது: "ரமணனுக்கு, அன்ரி."

"ஆர் ரமணன்?"

"சொந்தக்காரப் பொடியன். அமெரிக்காவில."

"நட்சத்திரம்?"

ரமணனுக்கு எந்த நட்சத்திரமென்று நான் எதைக் கண்டேன்? முழிக்க நேரமில்லை, பின்னால் வரிசை. "சதயம்" என்றுவிட்டேன். அது என்ர நட்சத்திரம்.

"சதயமோ! நல்ல நட்சத்திரம். பொடியன் என்ன செய்யிறார்?"

"பந்து விளையாடுறார்."

"அதில சம்பளம் குடுப்பினமோ? சரி சரி, கலியாணம் முடிச்சிட்டாரோ?"

"இன்னும் இல்லை" என்றேன். அது உண்மைதான். இந்த மனுசியிடம் ஏன்தான் உண்மை சொன்னேனோ.

ஐயர் ரமணன் பெயரையும் என் நட்சத்திரத்தையும் சேர்த்துச் சொல்ல, நான் கண்ணை மூடிக்கொண்டு இடப்பக்கத்தை நினைத்தேன். பிள்ளையாருக்கு விளங்கியிருக்கும். விளங்கவேணும்.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

முடிந்தது.

வீட்டில் ஓவர்டைம் என்று சொன்னேன். வேலையில் பல்லு வலி என்று சொன்னேன். ஒரே நாளில் ரெண்டு பொய்.

"யாராவது கூட வந்திருக்கிறார்களா?" என்று நர்ஸ் கேட்டா. வெளியில் நிற்கிறார் என்றேன். மூன்றாவது பொய். வெளியில் மழைதான் பெய்தது.

விறைக்க ஊசி போட்டார்கள். பிறகு ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி ஒரு சத்தம். நாலு தரம். ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் போர்வைக்குள் பெருவிரலால் ஒரு சுழி போட்டேன். டொக்டர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை நான். அந்த மனுசியின் முகத்தில் ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாமல் வைத்திருக்கப் பழக்கியிருப்பார்கள்.

முடிவு 21ஆம் திகதி, வியாழன், பதினொன்றேகால். நேரே வரவேணுமாம்.

வரும்போது பஸ் தரிப்பில் இன்னொரு பயம். இவரின் பஸ் வந்தால்? வரும் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் விளம்பரப் பலகைக்குப் பின்னால் ஒளிந்து, சாரதி முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிப்போய் ஏறுவதற்குள் ரெண்டு பஸ் போய்விட்டது. நாற்பத்தெட்டு வயதில் ஒளித்துப்பிடித்து விளையாட்டு.

பஸ்ஸுக்குள் ஃபோனில் பார்த்தேன். ரமணன் இருபத்தொன்று.

இரவுச் சாப்பாட்டுக்குப் புட்டு. தேங்காய் திருவ இடக்கை தூக்க முடியவில்லை. அபியைத் திருவச் சொன்னேன். "வை மீ?" என்றாள். திருவினாள்.

ஓகஸ்ட் 15, வெள்ளி

ரமணனுக்குக் கை முறிந்துவிட்டது.

முதல் தரம் வந்து நின்றான். சுழி போட்டான். வந்த பந்து நேரே இடக்கை மணிக்கட்டில். வர்ணனைக்காரன் குரலே போய்விட்டது. மைதானத்தில் முழங்காலில் இருந்தானாம். பிறகு படம் பிடித்துப் பார்த்து, முறிவு என்று சொல்லிவிட்டார்கள்.

இடக்கை. இடப்பக்கம்.

நான்தான் செய்தேன். வேற ஆர்? அவன் பாட்டுக்குச் சிவனே என்று ஆடிக்கொண்டிருந்தவன். என்ர நட்சத்திரத்தைத் தூக்கி அவன் பெயரில் ஒட்டிவிட்டு வந்தேன். என்னில் இருந்த பீடை விலாசம் பார்த்து அவனிடம் போய்விட்டது. பெற்ற தாய் ஒருத்தி அங்கே இருப்பாள், அவளுக்கு நான் என்ன பதில் சொல்வது?

இதை எழுதும்போதே அடுத்த பயம். முழுக்கப் போனதோ, பாதிதான் போனதோ? பாதி என்னிடம் இன்னும் இருக்கோ?

குசினியில் நின்று அழ, இவரும் அபியும் ஓடி வந்தார்கள்.

"ஆருக்கு என்ன?" இவருக்கு முகம் செத்துப் போச்சு.

"ரமணனுக்குக் கை முறிஞ்சு போச்சு."

இவர் சுவரில் சாய்ந்து சிரித்தார். "நான் பயந்தே போனன் இஞ்சேர்! ஊரில ஆரும் போயிட்டினமோ எண்டு!"

"மம், ஹீ ஹாஸ் லைக் டென் டொக்டர்ஸ்" என்றாள் அபி. போய் டிஷ்யூ எடுத்து வந்தாள்.

அழ ஒரு சாட்டாவது கிடைத்தது. நல்லா அழுதேன்.

இருபத்துமூன்றில் நிற்கிறது. அடிக்கவும் இல்லை, தவறவும் இல்லை. என்ர பேச்சுப்படி இதற்கு என்ன அர்த்தம்?

ஓகஸ்ட் 17, ஞாயிறு

வெயில்! உடுப்பு முழுக்கக் கொடியில்.

நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லி இன்னொரு அர்ச்சனை செய்தால் அவனாவது தப்புவான். அவன் பிறந்த திகதி ஃபோனில் கிடைக்கிறது. பிறந்த நேரம் இல்லை. பிறந்தது கடலோரத்தில் ஏதோ ஊர். நான் வைத்திருப்பது ஒக்லண்ட் பஞ்சாங்கம். ஒரு நாள் முந்தியோ பிந்தியோ? ரெண்டு மணித்தியாலம் மண்டையை உடைத்தேன். ஒருதரம் ரேவதி வருகிறது, ஒருதரம் அசுவினி. பிழையாகச் சொல்லி இன்னொரு அப்பாவியை விழுத்திவிட்டால்?

பின்னேரம் வீட்டு ஃபோன் அடித்தது. என் கையெல்லாம் மா. இவர் எடுத்தார்.

"ஓம் அன்ரி... இருக்கிறம்... எந்த ரமணன்?... ஓ, அமெரிக்கா ரமணன்." என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "உங்கட தங்கச்சியின்ர மகளுக்கோ? அவையள் விரும்பினால் எங்களுக்கென்ன... குறிப்போ? குறிப்பு எங்களிட்ட இல்லை அன்ரி... என்ன?... என்ன நட்சத்திரமெண்டு சொன்னவ?"

சிரிப்பு நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் எப்போதும் ஐயரிடம் நட்சத்திரம் சொல்பவர் இவர். தனக்கு அத்தம், எனக்குச் சதயம், அபிக்கு உத்தரம். அபி பிறந்ததிலிருந்து அதே ஒழுங்கு. அதைவிட்டால் இவர் வேறு ஒரு மந்திரமும் அறியார்.

ஃபோனை வைத்தார். "ரமணனுக்குச் சதயமோ?"

"ஓம்."

"ம்."

கொடியில் கிடந்த உடுப்பை எடுக்கப் போனார். தானாக உடுப்பு எடுக்கிற மனுசனா இவர்?

ஓகஸ்ட் 19, செவ்வாய்

இவருக்கு விடுமுறை நாள். நான் வேலையால் வர, ரீவிக்கு முன்னால் இருந்து பழைய ஆட்டம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரமணன் இல்லாமல் என்னத்தைப் பாக்கிறீங்கள்?"

"சும்மா. விளங்குதோ எண்டு." ரீவிச் சத்தத்தைக் குறைத்தார்: "அவன் அடிச்சால் உமக்கு ஏன் அவ்வளவு சந்தோஷம்?"

சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "சுழி போடுறான், அதுதான்" என்றேன்.

தேத்தண்ணி ஊற்றித் தந்தார். சீனி இல்லை. மறந்துவிட்டார். குடித்தேன்.

ஓகஸ்ட் 20, புதன்

மழை திரும்பவும். இவர் நனைந்து வந்தார். மேசையில் விபூதிப் பொட்டலம், வாழைப்பழம், ரெண்டு அர்ச்சனைச் சிட்டை.

ஒன்றில்: ரமணன், சித்திரை.

"நட்சத்திரம் தெரியாதெண்டு ஐயரிட்ட சொன்னன். பேர் எழுத்தைப் பாத்துச் சித்திரை எண்டு போட்டவர். அப்பிடிச் செய்யலாமாம். அன்ரிக்கும் சொல்லிப்போட்டன், பொடியன் வேதக்காரன், சேர்ச்சுக்குப் போறவன், சரிவராதெண்டு."

மற்றதில்: கலாவதி, சதயம்.

"ரெண்டையும் பிரிச்சுப்போட்டன்" என்றார். "அவன்ரது அவனோட."

நான் சிட்டையைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

"உமக்கு இடக்கை தூக்க ஏலாமல் இருந்ததைக் கண்டனான். ஆஸ்பத்திரிக்கு எப்ப போகோணும்?"

"நாளைக்கு. பதினொண்டேகால்."

"இந்தக் கிழமை மிச்ச நாளுக்கெல்லாம் லீவு எடுத்திட்டன்." சப்பாத்தைக் கழற்றியபடி, குனிந்த தலை நிமிராமல். "எங்க எண்டு மட்டும் சொல்லும், கார் விடுற இடம் பாக்கவேணும்."

சொன்னேன். எந்த ஆஸ்பத்திரி, எந்தப் பக்கம், எந்தக் கட்டி. எல்லாம். கோபிப்பார் என்று நினைத்தேன். ஈரச் சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்.

இரவு இவர் சாப்பிடவில்லை. நான் சொன்னேன்தானே.

ரமணனைப் பற்றிய குற்ற உணர்ச்சி போய்விட்டது. அதுவும் ஒரு துணையாகத்தான் இருந்திருக்கிறது. பாதியாவது அவனிடம் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். இப்போது முழுக்க என்னிடம். கை கால் எல்லாம் குளிர்கிறது, ஹீட்டர் போட்டும்.

ஓகஸ்ட் 21, வியாழன்

காத்திருக்கும் அறையில் இவர் ஃபோனில் ஆட்டம் போட்டார். ரமணன் இடத்தில் யாரோ ஒருத்தன். சுழியும் இல்லை, ஒன்றும் இல்லை. "இவன் இப்ப ஓடோணுமோ, நிக்கோணுமோ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெயர் கூப்பிட்டார்கள். எனக்கு முந்தி இவர் எழும்பிவிட்டார்.

அதே டொக்டர். கதிரையில் இருந்தவுடன் சொல்லிவிட்டா, ஃபைலைக்கூடத் திறக்கவில்லை. புற்றுநோய் இல்லை. நாரும் சதையும் சேர்ந்து திரண்ட சாதாரணக் கட்டி. ஆறு மாதத்தில் இன்னொருக்கால் பார்ப்போம். ஏதாவது கேட்க வேண்டுமா?

இவரைப் பார்த்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ்ஸில் ஆட்களுக்கு வழி சொல்கிற அதே இங்கிலீஷில் கேட்டார்: மணிக்கட்டு முறிந்தால், டொக்டர், எத்தனை கிழமையில் சுகம் வரும்?

டொக்டர் என் ரெண்டு கையையும் பார்த்தா. யாருடைய மணிக்கட்டு?

"அவர் ரமணன்" என்றார் இவர். 'எங்கட' என்பதற்கு இங்கிலீஷ் 'அவர்'.

ஆறு கிழமை ஆகும் என்றா.

நடைபாதையில் நின்று இவர் விரல் விட்டு எண்ணத் தொடங்கினார், இந்த வருஷத்துக் கடைசி ஆட்டங்களுக்கு வந்துவிடுவானோ என்று. மூன்றாவது விரலில் நின்றுவிட்டார். வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினார்.

மிச்சத்தை நான் எண்ணினேன். வந்துவிடுவான்.