அடங்கும் வரை

அக்கா,

இன்று பிற்பகல் கரண்ட் போனது. மேசைக்கடியில் யூபிஎஸ் கீச்சிட்டதும் என் கை தானாகச் சேமிக்கும் விசைக்குப் போய்விட்டது. திரையில் வெற்றுப் பக்கம்தான். உங்கள் நினைவு வந்து உட்கார்ந்துகொண்டது.

பதுளைக் கடைவீதியில், துணிக்கடை மாடியில் நாம் கம்ப்யூட்டர் வகுப்பு நடத்திய காலம். பிள்ளைகள் போனபின் திரையில் நீங்கள் எழுதிய நிரலின் கட்டங்கள் ஓடும். பக்கத்துக் கட்டங்களைப் பொறுத்து ஒவ்வொன்றும் சுற்றுக்குச் சுற்று எரியும், அணையும்; விதி அவ்வளவுதான். எந்தப் படம் அதிகச் சிக்கலானது என்பதில் நமக்குள் ஓயாத வழக்கு. படத்தைச் சேமித்த கோப்பை எவ்வளவு சுருக்கினாலும் பெரிதாகவே இருந்தால் அதுதான் சிக்கல் என்று நான் அடம்பிடித்தேன். நீங்கள் கண்டபடி புள்ளிகளை இறைத்து ஒரு படம் செய்தீர்கள். என் அளவுகோல் அதற்கே முதலிடம் கொடுத்தது.

"கொட்டுன குப்பைக்கு மொத பரிசா? நல்லா இருக்கு உங்க யாழ்ப்பாணத்துக் கணக்கு," என்று சிரித்தீர்கள். "சின்னதா ஆரம்பிச்சு, எவ்வளவு தூரம் ஓடி இங்க வந்துச்சுன்னு பாரு. அதுதான் ஆழம். குறுக்குவழியில எட்ட முடியாது."

அதைக் காட்டத்தான் நாலைந்து கட்டங்களில் தொடங்கி அந்த நீண்ட ஓட்டத்தை விட்டீர்கள். மின்வெட்டுக்கு முன் பிளாப்பி டிஸ்க்கில் சேமிப்போம். கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். பாதியில் நீங்கள் நோயில் விழுந்தீர்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தும், "நிறுத்திடாத. எப்ப அடங்குதுன்னு பார்த்துச் சொல்லு," என்றீர்கள்.

ஒருநாள் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்திருந்த உங்கள் தம்பி மாடியேறி வந்தார். "அக்கா உங்கள கேக்குதுங்க. கொஞ்சம் வாங்க," என்றார்.

"இந்தா, அடங்கப்போகுது. பார்த்திட்டு உடன வாறன்," என்றேன்.

அது அடங்கவில்லை. எல்லாம் ஓய்ந்ததுபோல் இருக்கும். ஒரு மூலையில் மறுபடி கிளம்பும். நல்ல செய்தியோடு போக வேண்டும் என்ற ஆசை என்னை நாற்காலியிலேயே வைத்திருந்தது. பொழுது சாயும் வேளையில் திரை அசையாமல் நின்றது. எத்தனையாவது சுற்றில் அடங்கியது என்ற எண்ணை உள்ளங்கையில் எழுதிக்கொண்டு ஓடினேன். உங்கள் கட்டிலில் விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, அக்கா. அன்று மாடியேறி வந்த தம்பி ஓட்டத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. நீங்கள் என்னைக் கேட்டதாகத்தான் சொன்னார்.

அந்த எண் இன்னும் மனப்பாடம். நீங்கள் சொன்னது சரிதான், அந்தக் கணக்குக்குக் குறுக்குவழி இல்லை. ஆஸ்பத்திரிக்கு இருந்தது. துணிக்கடைப் பின்படியில் இறங்கி நடந்தால் பத்து நிமிடம்.